நாலு பொத்தான்

அதிகாரியம்மா ஒரு சட்டையை என் மகளுக்கு மாட்டிவிட்டு, பொத்தானைப் போடச் சொன்னார். நாலே நாலு பொத்தான்.

அவள் போடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது.



பள்ளிக்கூடத்தில் இவள் பக்கத்திலேயே உட்கார ஓர் உதவியாளர் உண்டு. சட்டப்படி உரிமைதான். அந்த உரிமையை வாங்க மூன்று வருஷம் செருப்புத் தேய அலைந்தேன். அதோடு விட்டார்களா? வருஷா வருஷம் இந்த அறைக்கு வந்து, இவளால் முடியாது என்று காட்டினால்தான் அது நீடிக்கும். போன வருஷம் ஒரு பிள்ளை ஸ்பூனை ஒழுங்காகப் பிடித்துவிட்டது. உதவியாளரை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில்தான் கிடக்கிறது.

படிவத்தில் இரண்டே கட்டம். முடியும், முடியாது. கூட்டத்தைக் கண்டால் மிரண்டு நடுரோட்டுக்கு ஓடிவிடுவாள் என்று எழுத அதில் எங்கே இடம்?

ஒரே ஒரு பொத்தானாவது போடேன் என்று அதிகாரியம்மா கெஞ்சினார். நல்ல மனுஷி, பாவம்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அவளுக்கு ஒண்ணுமே வராதுங்க, மேடம்" என்றேன்.

பேனா இரண்டாவது கட்டத்தில் இறங்கியது. அப்பாடா. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

வெளியே வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தேன். என் தங்கம், சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டாள். அங்கே போனால் கையை வெளியே எடுக்கவே கூடாது என்று ஒரு வாரமாகப் பழக்கியிருந்தேன்.

அதற்கு முன் எட்டு மாசமாக, தினமும் காலையில் நாலு பொத்தானையும் அவளேதான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றைப் போட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

மறுநாள் காலை சீருடையை மாட்டிவிட்டு, "இப்ப போடு கண்ணு" என்றேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கொஞ்சினேன். அதட்டினேன். பாவி நான், கடைசியில் கையை ஓங்கி அடித்தும்விட்டேன். அவள் அழுதாளே தவிர கையை எடுக்கவில்லை.

அஞ்சு மாசம் ஆகிறது. இன்று காலையும் நான்தான் போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்த அறையில் நான் பொய் சொல்ல வேண்டியிருக்காது.