குட்டை வரிசை

திண்டிவனத்துக்கு மேற்கே, ஆராய்ச்சிக்காகக் குத்தகைக்கு எடுத்த மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. இருபுறமும் செடிகள் முழங்கால் உயரம் நிற்க, நடு வரிசை மட்டும் கணுக்காலைத் தாண்டவில்லை. செல்களைப் பிரிந்து பெருகச் சொல்லும் மரபணு அதில் பழுது. அந்தக் குறையை அளக்கத்தான் வெனிலா சென்னையிலிருந்து வந்துபோகிறாள். ஆனால் குட்டை இலைகளில் இன்று என்ன இப்படியொரு கரும்பச்சை? குனிந்து மண்ணைக் கிளறுகிறாள். விரல் நுனியில் மக்கிய எரு ஒட்டுகிறது. பக்கத்து வரிசைகளில் வெறும் செம்மண். களையெடுக்கும் சின்னபொண்ணு, வழக்கமாக வாய் ஓயாதவள், தலை நிமிராமல் வேகவேகமாகக் கொத்துகிறாள். “அக்கா, இதுக்கு மட்டும் எரு போட்டது யாரு?” கொத்தும் சத்தம் நிற்கிறது. “நான்தாங்க. சவலைப் புள்ள கணக்கா கெடக்குது, பாக்க முடியல.” “எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டாத்தானேக்கா வித்தியாசம் தெரியும்? இந்தப் பட்டத்து விதைப்பே வீணாப் போச்சு.” சின்னபொண்ணு எழுந்து வருகிறாள். குட்டைச் செடியொன்றின் பக்கத்தில் கையை ஊன்றி உயரம் பார்க்கிறாள். பிறகு வெனிலாவின் தோள்பையை, அதிலிருந்து எட்டிப்பார்க்கும் கண்ணாடிக் குப்பிகளை ஏற இறங்கப் பார்க்கிறாள். “ஒரு மாசமா ஊட்டிக்கினு வர்றேன், ஒரு விரக்கடை உசரம் ஏறல. நெசமாச் சொல்லுங்க மேடம், இதுங்கள இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?”