அடைக்காத துளை

நெவாடா பாலைவனத்தில் உச்சி வெயில் கொளுத்துகிறது. பண்ணைக் கதவின் சங்கிலியைப் பிடித்தபடி வெர்னா நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், சிவப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்த சுண்ணாம்பு மேட்டிலிருந்து வெந்நீர் சீறிப் பாய்கிறது. கந்தக நெடி மூக்கை அரிக்கிறது. கதவுக்கு வெளியே, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கிழவர் ஆர்லோ. இளவயதில் மின்சாரம் எடுக்க நீராவி தேடி இங்கே துளை போட்டவர்; சூடு போதவில்லை என்று கம்பெனி கைவிட்டதும், துளையைச் சரியாக அடைக்காமல் கிளம்பிப் போனவர். அதிலிருந்து பீறிட்ட வெந்நீரின் சுண்ணாம்பு படிந்து படிந்து வளர்ந்ததுதான் இந்த மேடு.

"ஒரே ஒரு தடவை கிட்டப் போயி பாத்துட்டு வந்துடறேம்மா. நான் போட்ட துளைதானே. அவ்ளோ அழகா வளந்து நிக்குதுன்னு ஊரே சொல்லுது."

"அழகா? என் தம்பி அந்தக் கொதிதண்ணியில விழுந்தான். சட்டையைக் கழட்டினப்ப தோலும் சேந்து வந்துச்சு. சாகுறவரைக்கும் கத்திக்கிட்டே இருந்தான்."

ஆர்லோ கதவை விட்டு ஓரடி பின்வாங்குகிறார். "எங்கிட்ட யாரும் சொல்லலையே..."

"நீ எங்கய்யா கேட்ட?"

அவள் பூட்டை அழுத்துகிறாள். காற்று திசை மாறுகிறது. வெதுவெதுப்பான நீர்த்தூவல் வேலியைத் தாண்டிக் கிழவரின் முகத்தில் படிகிறது. அவர் துடைக்கவில்லை, கண்ணை மூடி, முகத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறார். அதைக்கூட வெர்னாவால் பொறுக்க முடியவில்லை. வேலிக்குள் நிற்கும் தன் வண்டியைக் கிளப்பி, அவருக்கும் அந்த ஊற்றுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறாள்.