விரியாத கை

“இவ கை மூடினது மூடினதுதாங்க, எட்டு வருசமா! நரம்புல ஒண்ணும் இல்லேங்குறாங்க. கோயில்ல நூலும் கட்டியாச்சு. ரெண்டு கையால எடுக்க வேண்டிய தேயிலைக் கொழுந்த ஒத்தக் கையில எடுக்குறா. தினம் கங்காணிகிட்ட ஏச்சு” என்று மனைவி அம்மாக்கண்ணுவை முந்திக்கொண்டு சொன்னார் ஆண்டியப்பன்.

இலங்கை மலையகத்து லிந்துலை கிளினிக்கின் மனநல ஆலோசகர் யசோதினி யாழ்ப்பாணத்துக்காரி. அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இழுத்து விரிக்க வேண்டாம் அம்மா. காலைத் தரையில ஊண்டுங்கோ. மூச்சை மெல்ல விடுங்கோ. இந்தக் கை கடைசியா என்னத்தைப் பிடிச்சது?”

அம்மாக்கண்ணு மூடிய கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு மலை மண்ணு சரிஞ்சு தோட்டத்து லயத்து வீடெல்லாம் பொதைஞ்சு போச்சுங்க. ஒரு கை மட்டும் வெளிய தெரிஞ்சிச்சு. மழையில வழுக்கிக்கிட்டே போச்சு. நான் விடலீங்க. புடிச்சபடியே மயங்கிட்டேன். முழிச்சது ஆஸ்பத்திரியிலதான்.”

யசோதினி குரலைத் தாழ்த்தினாள்.

“ஆருடைய கை? பிள்ளையின்ர கையோ?”

“இல்லீங்க. இவரு கை.”

யசோதினி திகைத்துப்போய் ஆண்டியப்பனைப் பார்த்தாள்.

“ஐயா, உங்களை மீட்டெடுத்தது இந்தக் கைக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லுங்கோ.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் மணிக்கட்டை அந்த மூடிய கையின்மேல் வைத்தார்.

“நான் வெளிய வந்துட்டேன், அம்மாக்கண்ணு.”

சுண்டுவிரல்தான் முதலில் அசைந்தது. பிறகு ஐந்து விரல்களும் விரிந்து, அவர் மணிக்கட்டை இறுகப் பற்றின. வெகுநேரம் பற்றியிருந்தன.

பின்பு, ஒவ்வொன்றாக, தாமாகவே விட்டன.