தண்ணித்தொட்டி நிறுத்தம்

அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இன்னும் இரண்டு நிறுத்தம்தான். முதலில் டிரான்ஸ்பார்மர். அடுத்தது தண்ணித்தொட்டி. தண்ணித்தொட்டியில் அவள் இறங்க வேண்டும்.

இறங்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஷேர் ஆட்டோவின் சட்டம் அது. சொன்னால் நிற்கும். சொல்லாவிட்டால் நேரே ரயில்வே கேட். அங்கே போய்விட்டால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நிறுத்தம், எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

அண்ணே, நிறுத்துங்க. இரண்டே சொல். மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறாள். மனசுக்குள் அட்டகாசமாக வருகிறது. நாக்கு நுனிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆறு மாதமாக இதே கூத்து. தினமும் கேட் வரை போவாள். வந்த வழியே இருபது நிமிடம் திரும்பி நடப்பாள்.

நேற்று அம்மா கேட்டே விட்டாள், யார் அந்தப் பையன் என்று.

ஸ்பெஷல் கிளாஸ் என்ற பொய்யின் சாயம் முந்தாநாளே வெளுத்திருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை என்று பத்தொன்பது வயதில் எப்படிச் சொல்வது? பையன் இருக்கிறான் என்று அம்மா நினைத்துக்கொள்வதே மேல் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அது வினையாகிவிட்டது. இன்றைக்கும் லேட்டாக வந்தால் நாளையிலிருந்து காலேஜுக்கு முழுக்கு என்று சொல்லிவிட்டாள் அம்மா. சொன்னால் செய்கிறவள்.

அவளுக்குக் காலேஜ் பிடிக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெங்காயத் தோலைப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறவள்.

பிறவியிலேயே இப்படி இல்லை. எட்டாம் வகுப்பில் பெரிய வாய் அவளுக்குத்தான். பிறகு பள்ளியைப் பூட்டிவிட்டுப் போனில் பாடம் நடத்தினார்கள். ஒருநாள், பதில் தெரியும் என்று மைக்கைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா, குழம்பில் உப்பில்லை என்று அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். நாற்பது வீட்டிலும் அது கேட்டது. எவனோ பதிவு செய்து, வெட்டி, குரூப்பில் போட்டான். பத்தாம் வகுப்பு வரை அது சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மூடிய மைக்.

வெளியில் எங்கே வாயெடுத்தாலும் யாரோ பதிவு செய்கிற மாதிரியே இருக்கிறது.

எதிர் சீட்டில் ஹர்ஷவர்த்தினி இருந்தாள். கழுத்து அட்டையில் பார்த்துத் தெரிந்துகொண்ட பெயர். அதே காலேஜ், முதலாம் ஆண்டு. அவ்வளவு நீளப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் தினமும் கேட் வரை வருவாள். வீடு அங்கேதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. தண்ணித்தொட்டியில் தன் தெருவுக்குத் திரும்பும்போது பார்த்தாள், நூறடி பின்னால் அந்தப் பெண்ணும் நடந்து வந்துகொண்டிருந்தாள். தலை குனிந்தபடி கடந்து போய், டிரான்ஸ்பார்மர் சந்துக்குள் நுழைந்தாள்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணுக்கு நடை இன்னும் நீளம்.

டிரான்ஸ்பார்மர் தெரிந்தது.

ஹர்ஷவர்த்தினி நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. சத்தம் எழும்பவில்லை. குனிந்து ஷால் நுனியை முறுக்கத் தொடங்கினாள்.

அந்த முறுக்கல் அவளுக்குத் தெரியும். தன் ஷாலிலும் அதே கசங்கல் இருந்தது.

"அண்ணே, டிரான்ஸ்பார்மர்ல ஒரு ஆள் எறங்கணும்."

சொன்னது தான்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆட்டோ ஓரங்கட்டியது. யாரும் போனைத் தூக்கிப் பிடிக்கவில்லை. பக்கத்தில் கூடையோடு இருந்த பூக்காரம்மா ஒரு கொட்டாவி விட்டார். ஆறு வருடமாகப் பயந்தது இதற்குத்தானா என்று அவளுக்குக் கோபமே வந்தது.

ஹர்ஷவர்த்தினி இறங்கினாள். நன்றி சொல்லவில்லை. காசைக் கொடுத்தாள். வண்டி நகரப் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

"அண்ணே, இந்த அக்கா தண்ணித்தொட்டியில எறங்குவாங்க."

கீச்சுக் குரல். ஆனால் டிரைவருக்குக் கேட்டது. தலையாட்டினார்.

நூறடி பின்னால் நடப்பவளுக்குத் தெரியாதா, முன்னால் போகிறவள் எங்கே திரும்புகிறாள் என்று.

தண்ணித்தொட்டிக்கு அடியில் அம்மா நின்றிருந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். ஆட்டோ நின்றதும் மகளைப் பார்க்கவில்லை. உள்ளே பையனைத் தேடினாள். பூக்காரம்மாவும், சிமெண்ட் அப்பிய கையோடு இரண்டு கொத்தனார்களும் இருந்தார்கள். டிரைவருக்கு எப்படியும் அறுபது வயது இருக்கும்.

"பையன்லாம் யாருமில்லம்மா. எறங்கணும்னு சொல்ல எனக்குப் பயம். அதான் தெனமும் கேட்டு வரைக்கும் போயிட்டு நடந்து வந்தேன்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். அது தொப்பலாக நனைந்திருந்தது.

செருகியிருந்த முந்தானையை உருவி, அந்தக் கையைத் துடைத்துவிட்டாள்.