சிவப்பு வரி

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் மதிய வெயில் தரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சுவரில் கறுப்புத் திரை. அதில் வரிவரியாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் அறை எண். வெள்ளை வரிகள் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. அவசர நோயாளிகளின் சிவப்பு வரிகளில் மட்டும் அறை எண்ணையே காணோம். அக்காவுக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருக்கும் புரோகிராமர் அதை உற்றுப் பார்க்கிறான். திரையை ஓட்டும் நிரல் அவன் எழுதியது. கடைசி நேரத்தில் ஆசை ஆசையாகச் சிவப்பைச் சேர்த்தான். சிவப்பு வரிக்குள் நிறத்தைச் சொல்லும் குறிகள் திரையில் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றையும் எழுத்தாக எண்ணி, வரி நீண்டுவிட்டதென்று வாலை வெட்டுகிறது அவன் கணக்கு. அன்று வெள்ளை வரிகளை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கச்சிதம் என்று கையை உதறி எழுந்தான். இப்போது தோளில் துவண்ட குழந்தையோடு, கையில் கசங்கிய சீட்டோடு, ஒரு தாய் திரையில் ஒரு சிவப்பு வரியை அண்ணாந்து பார்க்கிறாள். அவன் எழுந்து போகிறான். "கவுன்ட்டர்ல உடனே கேளுங்கம்மா. போர்டுல தப்பு இருக்கு." யாருடைய தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகம் தெளிகிறது. "அப்படியாண்ணா? எனக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு வெக்கப்பட்டுக்கிட்டு, இவ்வளவு நேரமா யாரையும் கேக்காம நின்னுட்டேன்."