மரவட்டையின் கடைசிக் கால்

பெரிய ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோட்டில் தலை பட்டதுமே மரவட்டைக்கு மெடல் போட்டுவிட்டார்கள். அது அங்கேயே படுத்துவிட்டது. ஒரு மாதமாகியும் எழவில்லை. தினமும் விடிந்ததும் கால்களிடம் கெஞ்சும்.

"இன்னிக்காவது கொஞ்சம் ஓடலாமாப்பா?"

"அதான் ஜெயிச்சாச்சே, இனி எதுக்கு?" என்று கால்கள் சோம்பல் முறிக்கும். இனி ஓடவே முடியாதோ என்று மரவட்டை கலங்கும்.

ஒரு நாள் வால் பக்கமிருந்து கடைசிக் கால் கேட்டது: "நீங்க எல்லாம் ஜெயிச்சிட்டீங்கண்ணே. நான் இன்னும் கோட்டையே தாண்டலையே?"

மரவட்டை திரும்பிப் பார்த்தது. உண்மைதான், கோடு அதன் கழுத்துக்குக் கீழேதான் கிடந்தது. வெட்கப்பட்டுப்போய், எல்லாக் கால்களையும் அதட்டிக் கிளப்பியது.

கோட்டைத் தாண்டியதும் கடைசிக் கால் கத்தியது: "ஜெயிச்சுட்டேன்! போதும், நிறுத்துங்கண்ணே!"

"சும்மா வாடா" என்றது மரவட்டை, ஓடிக்கொண்டே.