தொண்ணூற்றெட்டுக்குப் பூச்சியம்

“மன்னிப்புக் கேட்டாத்தான் எம்புள்ள ஸ்கூலுக்கு வரும். இல்லாட்டி இங்கேயே படிச்சுக்கும். நீங்க போயிட்டு வாங்க சேர்!”

தையல் மெஷினை விட்டு எழும்பாமலே சத்தம் போட்டான் யோகேஸ்வரன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் நல்லமுத்து, கொட்டகலை மழையில் நனைந்துகொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் ஏறி வந்திருந்தார். வந்த மனுஷனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

மெஷினில் கிடந்தது யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபோம் தைக்கிறவனின் மகள் யதுஷா, வீட்டுச் சட்டையோடு மூலையில் உட்கார்ந்து, அளவெடுக்கிற இஞ்சி டேப்பை நீட்டி வைத்துப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. ஒன்பது நாளாக அவளுக்கு லயத்தின் முன் அறையான இந்தக் காம்பராதான் பள்ளிக்கூடம்.

“புள்ளைய இப்பிடி வீட்டுல வச்சிருந்தா மேலிடத்துல எங்கிட்டத்தான் கேப்பாங்க யோகேஸ்,” என்றார் அதிபர்.

“கேக்கட்டும். வந்து பாக்கட்டும். செவுத்தப் பாருங்க, டைம் டேபிளே இருக்கு.”

இருந்தது. பலகைச் சுவரில் தையல் சோக்கால் யதுஷாவே எழுதியிருந்தாள். எட்டு மணிக்குப் பெரட்டு. தோட்டத்து ஆட்கள் காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிவதுபோல அப்பனும் மகளும் எதிரெதிரே நின்று பேர் கொடுப்பார்கள்.

அப்புறம் பொத்தான்களை எண்ணிப் பிரித்துக் கணக்கு. சட்டை அளவு வெட்டுகிற பழைய பேப்பரை உரக்க வாசித்தால் தமிழ். மத்தியானம் மலையில் ஏறிப் புல்லுக்கும் பூச்சிக்கும் பேர் எழுதினால் அது சுற்றாடல். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதற்கு மேல் தெரியாது. அதை நினைத்தாலும் அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது.

அதிபர் பிள்ளை பக்கம் திரும்பினார். “ரெண்டரையில பாதி எவ்வளவும்மா?”

“ஒண்ணேகால் சேர்.” தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது.

“கேட்டீங்கள்ல?” யோகேஸ்வரன் விடவில்லை. “இவளா சேர் களவா எழுதுவா?”

“நடந்தத மறந்துருங்க யோகேஸ். டீச்சர் ஏதோ ஒரு அவசரத்துல...”

“அவசரமா?” மெஷின் நின்றது. “எம்புள்ள தவணைப் பரீட்சையில தொண்ணூத்தெட்டு எடுத்தா. அந்தப் பேப்பர நாப்பது புள்ளைங்களுக்கு முன்னால கிழிச்சுப் போட்டு, ‘கேள்விய முன்கூட்டியே பாத்து எழுதினவளுக்குப் பூச்சியம்’னு சொல்லி வெளியில நிக்க வச்சது அவசரமா? பாத்ததுக்கு யாரு சாட்சி? ஒரு டெய்லர் மக தொண்ணூத்தெட்டு எடுக்கக் கூடாதா?”

“அவ பாக்கலன்னு எனக்கும் தெரியும். நாலஞ்சு தாய்தகப்பன் ஆபீஸ்ல வந்து நின்னு சத்தம் போட்டாங்க. அந்த வாய்க்குப் பயந்து டீச்சர் செஞ்சுட்டாங்க.”

“ஊர் வாய்க்குப் பயந்தா எம்புள்ளயவா கள்ளியாக்குறது?”

அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்து, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், சோறும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வாய் விட்டுச் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பெற்றவன் இதை எப்படிப் பொறுப்பான்?

“டீச்சரும் நிம்மதியா இல்ல,” என்றார் அதிபர். “கொண்டு வர்ற சாப்பாட்டுப் பெட்டிய ஒரு நாளும் தொறக்கிறதில்ல. அப்பிடியே திருப்பிக் கொண்டு போறாங்க.”

“தெரியும் சேர்,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அவன் ஊசியில் நூலைக் கோத்து மறுபடி மெஷினை மிதித்தான். “பட்டினி கெடந்தா சரியாப் போச்சா? எம்புள்ள மொகத்தப் பாத்து, வாயத் தொறந்து கேக்கணும்.”

“கேக்கத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள வரப் பயந்துகிட்டு கீழ படிக்கட்டுல நிக்கிறாங்க.”

யோகேஸ்வரனின் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது. அதிபர் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினார். சற்று நேரத்தில் குடையை மடக்கிக்கொண்டு டீச்சர் உள்ளே வந்தார். சேலைக் கரையெல்லாம் சேறு. அவனை நிமிர்ந்து பார்க்காமல் நேரே பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார்.

யதுஷா எழும்பினாள். வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“நீ எதையும் பாத்து எழுதல. அந்த மார்க்ஸ் ஒன்னோடதுதான்.” டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்து மழையைத் துடைத்தார். “நாளைக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் முன்னால இதையே சொல்றேன். நான் செஞ்சது பிழை யதுஷா. என்னய மன்னிச்சுரு.”

ஒன்பது நாளாக யோகேஸ்வரன் எதைக் கேட்டுக் கத்தினானோ அது கிடைத்துவிட்டது. பாழாய்ப்போன மனசு அதற்குள் இளகியும் விட்டது. “சரின்னு சொல்லு புள்ள,” என்றான்.

யதுஷாவுக்கு இத்தனை நாள் வராத அழுகை ஒரேயடியாக வந்தது. கட்டிய கையை உதறிக்கொண்டு கத்தினாள்.

“வெறும் டீச்சரா இருந்தா மன்னிச்சிருப்பேன்! நீங்க எனக்கு அம்மாவாச்சே!”